கோவளத்துக் கரையில் என்னைத் தூக்கி வந்தது பற்றி

நடந்ததைச் சொல்வதற்கு முன், அது நடக்கும்வரை நான் யாராக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இயற்பியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே தொழிற்சாலையில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி, தரக்கட்டுப்பாட்டு மேலாளராக ஓய்வு பெற்றவன். என் கையொப்பம் இல்லாமல் ஒரு திருகாணிகூட அந்த ஆலையின் வாயிலைத் தாண்டியதில்லை. அண்ணனூர் ரயில் பணிமனைக்குப் பின்புறம் எங்கள் அடுக்ககம் எழும்பிய முதல் மாதமே குடியேறியவன். குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று முறை தலைவர்; அப்போதும் நான்தான் தலைவர். மூன்று முறையும் போட்டியே இல்லை. எழுபத்திரண்டு வயதில் தினமும் மூன்று மாடி படியேறுகிறேன். மின்தூக்கி நன்றாக வேலை செய்யும் நாட்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

இத்தனையும் ஒரே ஒரு புகைப்படத்தில் போயிற்று.

வாயிலில் நாற்காலி

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி இருக்கும். சங்கத்தின் சுற்றுலா வேன் கோவளத்திலிருந்து பூந்தமல்லி வழியாக வந்து எங்கள் வாயிலில் நின்றது. வேனின் கதவைத் திறந்தேன். எதிரே சக்கர நாற்காலி.

அந்த நாற்காலி நான் முதல் முறை தலைவராக இருந்தபோது தீர்மானம் போட்டு வரவழைத்தது. முதலாம் தளத்தில் இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மையாருக்காக. அதன் பிடியைப் பற்றிக்கொண்டு காவலாளி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் என் மனைவி வசந்தா, கையில் என் இரத்த அழுத்த மாத்திரையோடு.

"உக்காருங்க சார். மெதுவா, மெதுவா. நான் புடிச்சிக்கிறேன்" என்றார் காவலாளி.

"யாருக்கு இது?" என்றேன்.

"என்னங்க, பேசாம உக்காருங்களேன். எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள் வசந்தா.

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான்கு தளங்களின் முகப்பு மாடங்களிலும் தலைகள். நான் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்; படி வழியாகவே மூன்றாம் தளத்துக்கு ஏறினேன். பின்னால் வசந்தாவின் செருப்புச் சத்தமும், அதற்கும் பின்னால், ஒருவேளை நான் உருண்டு விழுந்தால் தாங்குவதற்காக, காவலாளியின் பூட்ஸ் சத்தமும் கேட்டன.

வீட்டுக்குள் சென்றதும் வசந்தா தன் கைப்பேசியை நீட்டினாள். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் இருந்தது. முழங்கால் ஆழ அலையில் ஒரு மீனவர் வருகிறார். அவருடைய இரு கைகளிலும், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு, கால்கள் தொங்கத் தொங்க நான். படத்துக்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். யாரோ ஒருவர் 'விரைவில் நலம் பெறுக' என்று எழுதியிருந்தார்.

காதால் காற்றறிதல்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் இரண்டாண்டுகள் இருந்தேன். சனிக்கிழமை காலைகளில் துறைமுகத்தின் உட்பகுதியில் சிறு பாய்மரப் படகுகளில் எங்களை ஏற்றுவார்கள். எங்கள் பயிற்றுநர் ஓய்வுபெற்ற மாலுமி, அதிகம் பேசாதவர். முதல் மூன்று வாரம் எங்களைப் படகிலேயே ஏற்றவில்லை. மேடையில் வரிசையாக நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்.

கையை நீட்டிக் காட்டினால் அடி விழும். முகத்தை மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டு காதிலும் காற்றின் ஓசை சமமாகக் கேட்கும்போது மூக்கு எந்தத் திசையில் இருக்கிறதோ, அங்கிருந்துதான் காற்று வருகிறது. இயற்பியல் வகுப்பில் நான் கற்ற எதுவும் இவ்வளவு காலம் என்னுடன் இருக்கவில்லை.

பணியில் சேர்ந்தபின் படகு ஏறவே இல்லை. அம்பத்தூரிலிருந்து கடல் எவ்வளவு தொலைவு என்பது வரைபடத்தில் தெரியும். ஆறு மணி சங்குக்கு எழுந்து, மாலைச் சங்குக்கு வீடு திரும்பியவனுக்கு அது அந்தமானை விடத் தொலைவு. வில்லிவாக்கம் வரை போனதையே பயணம் என்று சொன்ன ஆண்டுகள் அவை.

ஆகவே, சங்கச் செயலாளர் முத்துராஜ், "சார், இந்த வருசம் பாய்மரப் படகுல போவமா? கோவளம் பக்கம் ஒருத்தர் கூட்டிட்டுப் போறாராம்" என்று கேட்டபோது, என் மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமல் இருக்க மிகவும் முயன்றேன். முத்துராஜ் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். கணினி நிறுவனத்தில் வேலை. மரியாதை தெரிந்தவர். பிறகு நிகழ்ந்ததில் அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் ஒருபோதும் சொன்னதில்லை. அவர் அறியாமல் பேசினார், அதைத்தான் சொல்கிறேன்.

நீல டிரம்

படகின் உரிமையாளர் பெயர் தேசிங்கு. ஐம்பது வயது இருக்கும். மற்ற நாட்களில் எந்திரம் வைத்து மீன்பிடிக்கும் பைபர் படகுதான். விருந்தினர் வரும் நாட்களில் அதில் பாய்மரத்தை நிறுத்தி, தன் தந்தை காலத்துப் பாயைக் கட்டுகிறார். அவரும் அவர் தம்பியும் போக, மூன்று பேருக்குத்தான் இடம். மூன்று மூன்று பேராகப் போய் வருவது என்று ஏற்பாடு. முதல் குழுவில் நான், முத்துராஜ், நூம்பல் கஜபதி.

கஜபதியை இத்தொடரின் வாசகர்கள் இதுவரை சந்தித்ததில்லை. நூம்பலில் பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம். வயல்கள் மனைகளான பிறகு தண்ணீர் லாரி ஓட்டினார். இப்போது மகனோடு எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் தளத்தில் இருக்கிறார். என்னைவிட நான்கு வயது இளையவர். என்னை 'சார்' என்றும் 'நீ' என்றும் ஒரே மூச்சில் அழைக்கும் ஒரே மனிதர்.

புறப்படும் முன் தேசிங்கு மூடி போட்ட ஒரு நீல நிற டிரம்மை நீட்டினார். "போனெல்லாம் இதுல போடு. தண்ணில வுழுந்தா நான் குதிச்சி எடுக்க மாட்டேன்."

மூவரும் போட்டோம். மூடியை முறுக்கி, மரத்தின் அடியில் கட்டினார். படகில் நடந்தது எதற்கும் படம் இல்லாத காரணம் இதுதான். கரையில் நின்றவர்களின் கைப்பேசிகள் அவரவர் கையிலேயே இருந்தன.

காலையில் நிலத்திலிருந்து காற்று வீசியது. கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போனோம். எந்திரம் நின்றபின் கேட்ட ஓசைகளை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. படகின் அடியில் தண்ணீர் யாரோ கிசுகிசுப்பதுபோல் ஓடியது. கயிறு கிறீச்சிட்டது. வெயில் இன்னும் ஏறவில்லை. தொடையில் பட்ட தெளிப்பு உலர்ந்து வெள்ளைப் பொடியாக நின்றது. கரையில் கட்டடங்கள் தீப்பெட்டிகள்போல் நகர்ந்தன. யாரும் எங்கும் போய்ச்சேர வேண்டியிருக்கவில்லை.

முத்துராஜுக்கு அரைமணி நேரத்திலேயே குமட்டல் தொடங்கியது. முன்பக்கத்தில் படுத்து, முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டார். அதில் இழிவு ஒன்றும் இல்லை. நல்ல மாலுமிகளுக்கும் வருவதுதான். ஆனால் கரை சேரும்வரை அந்தத் துண்டு விலகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பத்து மணிக்குமேல் காற்று ஓய்ந்தது. பாய் துணிக்கொடியில் காயும் போர்வைபோல் தொங்கியது. தேசிங்கின் தம்பி எலுமிச்சை ஊறுகாயும் தயிர்சோறும் எடுத்தார். சாப்பிட்டுக் கைகழுவும்போது என் பிடரியில் குளிர்ச்சி தட்டியது. கண்ணை மூடி முகத்தைத் திருப்பினேன். என் இடது காது இப்போது கொஞ்சம் மந்தம். ஆகவே கன்னத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டேன்.

"தென்கிழக்கிலிருந்து வருகிறது. பாயை அந்தப் பக்கம் மாற்றலாம்" என்றேன்.

தேசிங்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க சார் கத்துகின?"

சொன்னேன்.

"அப்ப அங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீற? இங்க வா. சுக்கானப் புடி."

ஒன்றேகால் மணி நேரம்

திரும்பும் வழியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் சுக்கான் என் கையில் இருந்தது. இதை நான் எவரிடமும் பெருமையடித்ததில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன். கேட்காத சிலருக்கும் சொல்லியிருக்கலாம்.

காற்று பின்னாலிருந்து தள்ள, படகு வடக்கே ஓடியது. தேசிங்கு என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒரு சொல்கூடச் சொல்லித் திருத்தவில்லை.

ஒரே ஒரு முறை தவறினேன். பறவைக் கூட்டம் ஒன்று தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். படகின் மூக்கு திரும்ப, காற்று பாயின் மறுபுறம் புகுந்தது. பாய் ஒரே வீச்சில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டது. அதன் அடிக்கழி கஜபதியின் தலைக்கு ஒரு சாண் மேலே பறந்து, அவர் தொப்பியைக் கடலுக்குக் கொடுத்தது.

"யோவ் சார்! கொல்லப் பாக்கிறியா?" என்று கத்தினார் கஜபதி.

"மன்னிக்கவும்" என்றேன். பின்னோக்கிப் பின்னோக்கிப் போன தொப்பியைப் பார்த்துத் தேசிங்கு சகோதரர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அலை உடையும் இடத்துக்கு முன்னால் தேசிங்கு பாயை இறக்கி, எந்திரத்தை இயக்கி, சுக்கானைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அங்கிருந்து கரை வரை ஓட்டியது அவர்தான். மணலில் படகு தட்டியதும் நான் இறங்க எழுந்தேன்.

"இரு சார், கால வைக்காத" என்றவர், தண்ணீரில் குதித்து, என்னை அப்படியே வாரி எடுத்துவிட்டார். "எங்க படகுல மொதல் தபா சுக்கான் புடிச்சவங்கள நடக்க வுட மாட்டோம். எங்கப்பா காலத்துலேர்ந்து இதான் வயக்கம். என்னியும் எங்கப்பா இப்டித்தான் தூக்கினு வந்தாரு. எனுக்கு அப்ப மீசை மொளச்சிக்கீது, வெக்கமாத்தான் இருந்துச்சி."

இறக்கிவிடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் கரையிலிருந்து முத்துராஜின் மனைவி படம் எடுத்தார்.

உப்பும் சர்க்கரையும்

மணலில் இறக்கிய மறுகணமே பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் துவாலை போர்த்தினார். ஒருவர் நாடி பார்த்தார். சீட்டித் துணிக் குடையை என் தலைக்கு மேல் விரித்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஒரு பெண்மணி என் வாயருகே நீட்டினார்.

"எனக்கு ஒன்றுமில்லை. நான் சுக்கான் பிடித்தேன்" என்றேன்.

"ஆமா சார், ஆமா சார், நல்லாப் பிடிச்சீங்க. இப்ப பேசாதீங்க" என்றார் அந்தப் பெண்மணி. குழந்தையிடம் பேசும் குரல். நாற்பது ஆண்டுகளாக எவரும் என்னிடம் பயன்படுத்தாத குரல்.

தேசிங்கைத் தேடினேன். அவரும் கஜபதியும் படகை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். முத்துராஜோ துண்டை விலக்கி எழுந்தபோது கண்ட முதல் காட்சியே நான் தூக்கிச் செல்லப்பட்டதுதான். தனக்கு வந்தது எனக்கும் முற்றி வந்துவிட்டதென்று அவர் முடிவு செய்தார். "சாருக்கு ரொம்ப முடியாமப் போச்சு. இனி யாரும் ஏற வேண்டாம்" என்று மற்ற குழுக்களின் பயணத்தை அவரே ரத்து செய்தார். மற்றவர்கள் மீன் வறுவல் தின்று, கிளிஞ்சல் பொறுக்கிவிட்டு வேன் ஏறினார்கள். என்னால்தான் கடல் பயணம் கெட்டது என்ற பேச்சு, கேளம்பாக்கம் தாண்டும் முன்பே பின் இருக்கைகளில் தொடங்கிவிட்டது. என் முதுகுக்குக் காது உண்டு.

வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம்

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். வழக்கம்போல் தரைத்தளத்தில் கார்களை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். முத்துராஜ் ஒரு தீர்மானத்தை வாசித்தார்: 'தலைவருக்கு அண்மையில் கடலில் நேர்ந்த உடல்நலக் குறைவைக் கருத்தில் கொண்டு, அறுபத்தைந்து வயது கடந்தவர்கள் குடும்பத்தினர் துணையின்றிச் சங்கச் சுற்றுலாக்களில் கலந்துகொள்ள இயலாது, நீர்ப் பயணங்களில் கலந்துகொள்ளவே இயலாது.'

சுற்றுலாவைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்த முதல் வரிதான் என்னைச் சுட்டது. சங்கத்தின் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து தொடங்கி வைத்தவன் நான். அதில் ஏறிய வரி நான் போன பிறகும் இருக்கும். நேராத ஓர் உடல்நலக் குறைவு என் பெயரில் அங்கே நிற்கப் போகிறது.

எழுந்து நடந்ததைச் சொன்னேன். தேசிங்கு வீட்டு வழக்கத்தையும் சொன்னேன்.

"அப்படி ஒரு வழக்கமா? கேள்விப்பட்டதே இல்லையே சார்" என்றார் ஒருவர். முத்துராஜ் மெல்லிய குரலில், "சார், தப்பா நெனைக்காதீங்க. தேசிங்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல கேட்டிருவமா? எல்லாருக்கும் தெளிவாயிரும்லா" என்றார்.

மறுத்துவிட்டேன். மூன்று முறை தலைவராக இருந்தவனின் சொல்லை ஒலிபெருக்கியில் சரிபார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது என் பிழை என்று வசந்தா இன்றுவரை சொல்கிறாள். இருக்கலாம்.

அப்போது கஜபதி எழுந்தார்.

"இன்னாங்கடா பேசிகினு கீறீங்க? நான் கூட குந்திகினு இருந்தேன்ல? நடுக்கடல்ல பொயலு! பனமரம் ஒசரத்துக்கு அலை. அந்தப் படகுக்காரனே நடுங்கிப் போயிட்டான். பாயி கிழியிற மாரி அட்ச்சிது பாரு காத்து, என் தொப்பியே பூட்ச்சி. இந்த மன்சன்தான் ஒத்தக் கையால சுக்கானப் புட்ச்சி எங்க உசிரக் காப்பாத்திக் கரையில வுட்டாரு. அந்த அசதியில தூக்கினு வந்தாங்கோ. இவரப் போயி சீக்காளின்றீங்க!"

கூட்டம் அசைந்தது. பின்வரிசையில் ஒருவர் கைதட்டவே செய்தார். முத்துராஜின் முகத்தில் நம்பிக்கையும் வெட்கமும் ஒருசேர வந்தன. பணிமனையிலிருந்து மின்ரயில் ஒன்று நீண்ட ஊதலோடு வெளியேறியது; அது ஓயும்வரை எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையசைத்திருந்தால் போதும். தீர்மானம் அங்கேயே கிழிந்திருக்கும்.

முப்பதாண்டுகள் அளவுக்குப் பொருந்தாத உருப்படிகளைத் திருப்பி அனுப்பியே வாழ்ந்தவன் நான். எனக்குச் சாதகமாக வந்தது என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இல்லை.

"புயல் இல்லை" என்றேன். "அன்று கடல் அமைதியாக இருந்தது. பாய் புரண்டது என் கவனக்குறைவால். தொப்பி போனதும் அதனால்தான். நான் எவர் உயிரையும் காப்பாற்றவில்லை. அலை உடையும் இடத்தில் சுக்கான் என் கையிலேயே இல்லை."

கஜபதி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. உதவ நீட்டிய கையைக் கடித்தவனைப் பார்க்கும் பார்வை.

"பாத்தீங்களா, சாரே சொல்லிட்டாரு கவனக்குறைவுன்னு" என்றது ஒரு குரல். "இதுக்குத்தான் ரூல் வேணுங்கிறது." ஒரே சாட்சியும் பொய்யன் என்று ஆகிவிட்டபின் நான் சொன்ன எதற்கும் எடை இருக்கவில்லை. வாக்கெடுப்புக்கு விட்டார்கள்.

"யோவ் சார், உனுக்கு இன்னா வந்துச்சி?" கஜபதி என் காதருகே குனிந்தார். நல்ல காதருகே. "ஒரு வார்த்த சும்மா இருந்தா உன் மானமும் நின்னுருக்கும், நானும் இன்னொரு தபா படகு ஏறியிருப்பேன். எனுக்கும் அறுபத்தெட்டு ஆவுதுய்யா! உன் ஒரு ஆளால என்னியும் ஊட்ல குந்த வச்சிட்டானுங்க. இன்னா படிப்பு படிச்சியோ, போ."

அன்று மாலை வசந்தாவும் ஏறக்குறைய அதையே, கொஞ்சம் நல்ல தமிழில் சொன்னாள்.

குறிப்பேட்டில் உள்ளது

மறுநாள் நான் தலைவர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தேன். உடல்நலம் கருதி விலகினேன் என்று குழுவில் எழுதினார்கள். என் கடிதத்தில் உடல்நலம் என்ற சொல்லே இல்லை.

சென்ற வாரம் குறிப்பேட்டின் படியைக் கேட்டு வாங்கினேன். அந்தத் தீர்மானம் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று முத்துராஜின் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அது தவறு. எதிர்ப்பில் இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது. மற்றது கஜபதியுடையது, அப்போது அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.